உயிரோடு இருக்கிறார், கையெழுத்திடத்தான் முடியாது

நம் குடும்பங்களில் சொத்து குறித்த ஏற்பாடுகள் பெரும்பாலும் சாவை மட்டுமே மனத்தில் வைத்துச் செய்யப்படுகின்றன. உயில் எழுதுகிறோம், வங்கிக் கணக்கிலும் காப்பீட்டிலும் நாமினி பெயரைச் சேர்க்கிறோம், மூத்த மகனிடம் பீரோ சாவி எங்கே இருக்கிறது என்று சொல்லி வைக்கிறோம். ஒருவர் கண்ணை மூடிய பிறகுதான் இவை பயன்பாட்டுக்கு வரும். ஆனால் இறக்காமலும், தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொள்ள இயலாமலும் ஒருவர் மாதக்கணக்கில் படுக்கையில் கிடக்க நேர்ந்தால் அவருடைய பணத்தை யார் எடுப்பது, அவருக்காக யார் கையெழுத்திடுவது என்பதை முன்கூட்டியே யோசித்து வைத்திருக்கும் வீடுகளை நான் அதிகம் பார்த்ததில்லை.

யோசித்தவர்களும் பெரும்பாலும் ஒரே பதிலைத்தான் சொல்கிறார்கள்: "பவர் எழுதி வாங்கியாயிற்று, இனி கவலை இல்லை." இந்த நம்பிக்கை எவ்வளவு பரவலானதோ அவ்வளவு ஆபத்தானது. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், அதன் 201-ஆம் பிரிவில், அதிகாரம் கொடுத்தவர் இறந்தாலோ சித்த சுவாதீனம் இழந்தாலோ முகவரின் அதிகாரம் முடிந்துவிடும் என்கிறது. அதிகாரம் கொடுத்தவர் நினைத்தால் அதைத் திரும்பப் பெறவும் முடியும் என்ற நிலை இருக்கும்வரைதான் பவர் செல்லும் என்பது இதற்குப் பின்னால் இருக்கும் நியாயம். அந்த நியாயத்தில் பிழை இல்லை. ஆயினும் அதன் விளைவு என்னவென்றால், அப்பா நடமாடிக்கொண்டிருக்கும்போது மகனுக்குக் கொடுத்த பவர், அப்பா நினைவிழந்து கிடக்கும்போது, அதாவது அது மிகவும் தேவைப்படும் நாளில், சட்டத்தின் கண்ணில் வெற்றுக் காகிதமாகிவிடுகிறது. நம் பத்திரப் பதிவு அலுவலகங்களில் பவரை வைத்து விற்பனை செய்ய வருகிறவரிடம், அதிகாரம் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறார் என்பதற்கான சான்று கேட்கிறார்கள். உயிர் இருக்கிறதா என்ற கேள்வியோடு விசாரணை நின்றுவிடுவதால், நினைவிழந்தவரின் பெயரால் பவரைக் கொண்டு செய்யப்படும் பரிமாற்றங்கள் பின்னாளில் வழக்காக வெடிக்க இடமிருக்கிறது.

இவற்றையெல்லாம் எங்கள் குடும்பம் சித்தப்பாவின் விஷயத்தில்தான் அறிந்துகொண்டது. திருச்சி அரியமங்கலத்தில் சிறிய லேத் பட்டறை வைத்திருந்தவர் அவர். மூளையில் ரத்தக்கசிவு ஏற்பட்டு அறுவை சிகிச்சை முடிந்து உயிர் பிழைத்தார். ஆனால் நினைவு திரும்பவில்லை. கண் திறந்திருக்கும், மூச்சு சீராக வரும், தொண்டையில் குழாய், மூக்கில் உணவுக் குழாய். கூப்பிட்டால் பார்வை திரும்பாது. மருத்துவமனையிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு இரவு பகலாகச் செவிலியர் வேண்டியிருந்தது, சளி உறிஞ்சும் கருவி வேண்டியிருந்தது, படுக்கைப் புண் வராமல் இருக்கக் காற்று மெத்தை வேண்டியிருந்தது. பட்டறையில் வேலை செய்தவர்களுக்குக் கூலி பாக்கி நின்றது. சித்தப்பாவின் பெயரில் வைப்புத்தொகை இருந்தது, ஊருக்கு வெளியே ஒரு காலி மனையும் இருந்தது. இரண்டும் அவர் ஒருவர் பெயரில் மட்டுமே இருந்தன.

வங்கி மேலாளர் நல்ல மனிதர். "அம்மா, சார் உயிரோடு இருக்கிறார். நாமினி என்ற பேச்சே இப்போது எழாது" என்று சித்தியிடம் மெதுவாகச் சொன்னார். பிறகு அவரே ஒரு வழியும் சொன்னார். நோயுற்று வங்கிக்கு வர இயலாத வாடிக்கையாளரிடம் கைநாட்டு பெற்றும், அதுவும் இயலாதபோது ஏதேனும் ஓர் அடையாளக் குறி பெற்றும், வங்கி அலுவலர் ஒருவர் உட்பட இரண்டு சாட்சிகள் முன்னிலையில் பணம் கொடுக்க ரிசர்வ் வங்கியின் விதிகள் இடம் தருகின்றன. அதன்படி ஒரு நாள் மதியம் வங்கியிலிருந்து ஓர் அலுவலர் மை அட்டையோடு வீட்டுக்கு வந்தார். கட்டிலருகே குனிந்து சித்தப்பாவைப் பெயர் சொல்லி அழைத்தார். எவ்வளவு தொகை, எதற்காக எடுக்கப்போகிறார்கள் என்பதை விளக்கி, "சம்மதம் என்றால் ஒரு முறை கண்ணை மூடித் திறங்கள்" என்றார். சற்றுப் பொறுத்து மறுபடியும் கேட்டார். பதில் இல்லை. சித்தி அவருடைய பெருவிரலைப் பிடித்து மை அட்டையருகே கொண்டுபோனபோது அந்த அலுவலர் அட்டையை மூடிவிட்டார். "அவர் விரல்தான், ஆனால் அவர் வைத்ததாக ஆகாதம்மா" என்றார். சித்தி அன்று மிகவும் அழுதார். எனக்கும் கோபம் வந்தது. இருந்தாலும் அந்த அலுவலர் செய்ததே சரி என்று அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன். உணர்வற்ற விரலை ஒற்றி எடுக்கும் ரேகைக்கு வங்கி பணம் கொடுக்கத் தொடங்கினால், சித்தியைப் போன்ற நேர்மையான மனைவியோடு சேர்த்து, முதியவர்களின் கட்டிலைச் சுற்றி நிற்கும் எல்லாவகை உறவினர்களுக்கும் அந்தக் கதவு திறந்துவிடும்.

அப்படியானால் சட்டப்படி பாதுகாவலராக நியமனம் பெறுவதுதான் வழி. எந்தச் சட்டத்தின்படி என்று தேடத் தொடங்கியபோதுதான் உண்மையான திகைப்பு வந்தது. 1890-ஆம் ஆண்டின் பாதுகாவலர் சட்டம் மைனர்களுக்கு மட்டுமானது. 1999-இல் வந்த தேசிய அறக்கட்டளைச் சட்டம் பதினெட்டு வயது கடந்தவர்களுக்கும் பாதுகாவலரை நியமிக்கிறது; ஆனால் ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பன்முகக் குறைபாடு ஆகிய நான்கிற்குள் வருகிறவர்களுக்கே அது பொருந்தும். 1987-ஆம் ஆண்டின் மனநலச் சட்டத்தில், மனநோயால் தன் சொத்தை நிர்வகிக்க இயலாதவருக்கு மாவட்ட நீதிமன்றம் விசாரணை நடத்திப் பாதுகாவலரையும் சொத்துக்கு மேலாளரையும் நியமிக்கும் தனி அத்தியாயமே இருந்தது. 2018-இல் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017 அந்தப் பழைய சட்டத்தை நீக்கியது. புதிய சட்டம் பல வகைகளில் மேலானது. மனநோய் இருக்கிறது என்பதை மட்டும் வைத்து ஒருவரைச் சித்த சுவாதீனம் அற்றவர் என்று முடிவு கட்டக் கூடாது என்கிறது. தனக்கு எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதி வைக்கும் உரிமையைத் தருகிறது. நியமனப் பிரதிநிதி ஒருவரைத் தேர்ந்துகொள்ளச் சொல்கிறது. ஆனால் அந்தப் பிரதிநிதியின் அதிகாரம் சிகிச்சையோடு நின்றுவிடுகிறது. சொத்தைப் பற்றிய பழைய அத்தியாயம் போனது, அதன் இடத்தில் எதுவும் வரவில்லை.

மிஞ்சியது மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016. அதன் 14-ஆம் பிரிவு வரையறுக்கப்பட்ட பாதுகாவலர் என்ற ஏற்பாட்டைச் செய்கிறது. குறிப்பிட்ட முடிவுக்கு, குறிப்பிட்ட காலத்துக்கு, சம்பந்தப்பட்டவரோடு கலந்து பேசி, அவருடைய விருப்பத்துக்கு இணங்கச் செயல்பட வேண்டிய பாதுகாவலர் அவர். இந்தப் பிரிவின் உயர்வைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். சித்தப்பாவோடு கலந்து பேச முடிந்திருந்தால் எங்களுக்குப் பாதுகாவலரே தேவைப்பட்டிருக்க மாட்டார்.

ஆழ்ந்த மயக்கத்தில் இருப்பவருக்குப் பாதுகாவலரை நியமிக்க நேரடியான சட்டம் எதுவும் இந்தியாவில் இல்லை என்பதை உயர் நீதிமன்றங்களே பல தீர்ப்புகளில் எழுதியிருக்கின்றன. அதனால் அரசியலமைப்பின் 226-ஆம் கூறின் கீழ், தன்னைத் தானே காத்துக்கொள்ள இயலாத குடிமகனுக்கு அரசு பெற்றோர் நிலையில் நிற்க வேண்டும் என்ற பழைய கோட்பாட்டைக் கொண்டு அந்த நீதிமன்றங்கள் நியமனம் செய்துவருகின்றன. கேரள உயர் நீதிமன்றம் 2019-இல் இதற்கு விரிவான வழிகாட்டு நெறிகளை வகுத்தது. நரம்பியல் மருத்துவர் இடம்பெறும் மருத்துவக் குழு நோயாளியைப் பரிசோதித்துச் சான்று தர வேண்டும். தாசில்தார் நிலைக்குக் குறையாத வருவாய்த் துறை அதிகாரி நேரில் போய்ப் பார்க்க வேண்டும். சொத்துகளின் பட்டியல் தாக்கல் செய்யப்பட வேண்டும். நியமிக்கப்பட்டவர் ஆறு மாதத்துக்கு ஒரு முறை வரவு செலவு அறிக்கை கொடுக்க வேண்டும். சென்னை உயர் நீதிமன்றத்தில் 2024-இல் இதேபோன்ற வழக்கு வந்தது. மயக்க நிலையில் கிடந்த கணவரின் சொத்தை விற்றுச் சிகிச்சை பார்க்க அனுமதி கேட்ட மனைவியிடம் உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போகுமாறு தனி நீதிபதி கூறிவிட்டார். மேல்முறையீட்டில் இரு நீதிபதிகள் அமர்வு அதை மாற்றியது. இப்படிப்பட்டவரைப் பராமரிக்கும் முழுச் சுமையையும் தாங்குகிற பெண்ணை மறுபடியும் வழக்காட அனுப்புவது முறையல்ல என்று கருதி, அவரையே பாதுகாவலராக நியமித்தது. விற்றுவரும் தொகையில் 50 லட்சம் ரூபாயைக் கணவர் பெயரில் வைப்பாக வைத்து அதன் வட்டியைக் கொண்டு செலவு செய்ய வேண்டும் என்ற நிபந்தனையையும் விதித்தது. எங்கள் வழக்கறிஞர் பிடித்துக்கொண்டது இந்தத் தீர்ப்பைத்தான்.

மதுரைக் கிளையில் மனு போடுவதற்குள் நேர்ந்த ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சித்தப்பாவின் வாரிசுகள் யார் யார், அவர்களுக்குச் சம்மதமா என்பதை நீதிமன்றத்துக்குக் காட்ட வேண்டியிருந்தது. வாரிசுச் சான்று கேட்டு ஓர் அலுவலகத்துக்குப் போனால் முதலில் இறப்புச் சான்றைக் கொண்டு வாருங்கள் என்றார்கள். உயிரோடு இருப்பவருக்கு வாரிசுச் சான்று கொடுக்கும் படிவம் அங்கே கிடையாது. விளக்கிச் சொல்லச் சொல்ல, எதிரே இருந்தவர் மறுபடி மறுபடி அதே கட்டத்தைச் சுட்டிக்காட்டினார். கடைசியில் நீதிமன்றத்தின் இடைக்கால உத்தரவின்பேரில் தாசில்தாரே வந்து விசாரித்து அறிக்கை கொடுத்ததும்தான் அந்த முடிச்சு அவிழ்ந்தது. அவர் வந்த அன்று ஒன்றைக் கவனித்தேன். சித்தப்பாவின் இரண்டு மகள்களையும் தனித்தனியாக, அம்மா இல்லாத இடத்தில் வைத்துக் கேட்டார்: "உங்கள் அம்மாவிடம் இந்தப் பொறுப்பைக் கொடுப்பதில் உங்களுக்கு மனப்பூர்வமான சம்மதமா?" பக்கத்து வீட்டில் போய், அவரை யார் பார்த்துக்கொள்கிறார்கள், தினமும் வீட்டுக்கு யார் வந்து போகிறார்கள் என்று விசாரித்தார். நான் பார்த்த அரசு விசாரணைகளிலேயே எனக்கு நம்பிக்கை தந்தது இதுதான்.

உத்தரவு வந்தது. சித்தி கணக்குகளை இயக்கலாம், மனையை விற்கலாம், ஒரு பகுதியைச் சித்தப்பா பெயரிலேயே வைப்பாக வைக்க வேண்டும், ஆறு மாதத்துக்கு ஒரு முறை கணக்குக் காட்ட வேண்டும். இந்தக் கடைசி நிபந்தனைதான் சொந்தக்காரர்களைச் சுட்டது. "நாற்பது வருஷம் குடும்பம் நடத்திய பொம்பளை புருஷன் காசுக்குக் கோர்ட்டுக்குக் கணக்குக் காட்டணுமா?" என்று கேட்காதவர் இல்லை. சித்திக்கு அப்படி ஒரு வருத்தமும் வரவில்லை. நீள நோட்டு ஒன்றில் இடப்பக்கம் ரசீதை ஒட்டி வலப்பக்கம் தொகையை எழுதுவார்: செவிலியர் சம்பளம், டயாப்பர், உறிஞ்சு குழாய்கள், பிசியோதெரபி, பட்டறை வாடகை. சித்தப்பாவின் பணத்தில் தன் மருந்தை வாங்கிய ஒரு ரசீது கலந்துவிட்டபோது, அதைப் பிரித்தெடுத்துத் தன் கைக்காசில் கட்டினார். பாதுகாவலர் என்ற பொறுப்பின் முழுப் பொருளும் எனக்கு அந்த நோட்டில்தான் விளங்கியது. சொத்து கைமாறவில்லை; அது இன்னும் அவருடையதுதான். அவருக்காக, அவருடைய கை செய்திருக்க வேண்டியதை இன்னொரு கை செய்கிறது, அவ்வளவே. கணக்குக் கேட்பது அவநம்பிக்கையால் அல்ல. நாளைக்கு ஒரு மருமகனோ கொழுந்தனாரோ கேள்வி எழுப்பினால், சித்திக்கு அரணாக நிற்கப்போவதும் அந்த நோட்டுதான்.

சித்தப்பாவைப் போல முற்றிலும் உணர்வற்றவரின் விஷயத்தில் யாரையேனும் நியமித்தாக வேண்டும் என்பதில் சந்தேகத்துக்கு இடமில்லை. சிக்கலெல்லாம், பேசவும் விரும்பவும் மறுக்கவும் முடிந்த, ஆனால் சில காரியங்களைத் தனியே செய்ய இயலாத மனிதர்களிடம்தான் இருக்கிறது. அவர்களுக்கு முழுப் பாதுகாவலரை நியமிப்பது பல சமயங்களில் அவர்களுடைய குரலை எடுத்துவிடுவதாகும்.

இதை மிகக் கூர்மையாகக் காட்டிய வழக்கு 2009-இல் உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. சண்டிகரில் அரசு இல்லத்தில் இருந்த, லேசான அறிவுசார் குறைபாடு உடைய ஓர் இளம்பெண் பாலியல் வன்கொடுமையால் கருவுற்றிருந்தார். கருவைக் கலைக்க வேண்டும் என்று நிர்வாகம் கேட்டது. உயர் நீதிமன்றமும் அனுமதித்தது. அந்தப் பெண்ணோ குழந்தையைப் பெற விரும்பினார். அவருக்குக் குறைபாடு இருக்கிறது என்பதால் அவருடைய விருப்பத்தை ஒதுக்கிவிட முடியாது, சட்டம் கேட்கும் சம்மதம் அவருடையதே என்று சொல்லி உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை நிறுத்தியது. எல்லோரும் நல்லெண்ணத்தோடுதான் பேசினார்கள். நல்லெண்ணம் மட்டும் போதாது என்பதே அந்தத் தீர்ப்பை வாசித்தபோது எனக்குப் பதிந்தது. இந்தியா 2007-இல் ஏற்புறுதி செய்த ஐ.நா. மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 12-ஆம் கூறும் இதையே கேட்கிறது: மற்றவர்களுக்கு இருப்பதைப் போன்ற சட்டத் தகுதி இவர்களுக்கும் உண்டு, அதைப் பயன்படுத்த உதவி வேண்டுமானால் அந்த உதவியைத் தர வேண்டும். 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 14-ஆம் பிரிவு உயர்வானது என்று மேலே சொன்னதன் காரணம் இதுதான். முதலில் துணை, அது போதாவிட்டால்தான் பாதுகாவலர், அவரும் எல்லைக்குட்பட்டவர் என்ற வரிசையை அது வைத்திருக்கிறது.

ஆனால் ஆட்சியர் அலுவலகங்களில் நடப்பது வேறு. தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின் கீழ் மாவட்டந்தோறும் ஆட்சியர் தலைமையில் உள்ளூர்க் குழு இருக்கிறது. ஒரு தொண்டு நிறுவனப் பிரதிநிதியும் ஒரு மாற்றுத்திறனாளியும் அதில் உறுப்பினர்கள். இந்த நபருக்குப் பாதுகாவலர் தேவைதானா, எந்தக் காரியங்களுக்குத் தேவை என்ற இரண்டையும் குழு ஆராய வேண்டும் என்று சட்டம் தெளிவாகச் சொல்கிறது. எங்கள் தெருவில் ஓர் அம்மா தன் மகனுக்காக விண்ணப்பித்தபோது நான் துணைக்குப் போயிருந்தேன். மகனுக்கு முப்பதை ஒட்டிய வயது, அறிவுசார் குறைபாடு. பால் வாங்கி வருவான், சில்லறை சரியாக எண்ணுவான், கோயில் திருவிழாவில் தண்ணீர்ப்பந்தல் முழுக்க அவன் பொறுப்பு. தான் போன பிறகு குடும்ப ஓய்வூதியம் அவனுக்கு வர வேண்டும், அண்ணன் அவனை வீட்டைவிட்டு அனுப்பிவிடக் கூடாது என்பவையே அந்த அம்மாவின் கவலைகள். அங்கே கேட்கப்பட்ட கேள்விகள் எல்லாம் அம்மாவிடமே கேட்கப்பட்டன. குழுவில் இருந்த மாற்றுத்திறனாளி உறுப்பினர் ஒருவர் மட்டும் அவனைப் பார்த்து, "தம்பி, அம்மாவுக்கு அப்புறம் உனக்கு யாரோடு இருக்கப் பிடிக்கும்?" என்றார். யோசிக்காமல் பதில் சொன்னான்: "அக்கா வீட்டுல." விண்ணப்பத்தில் மாற்றுப் பாதுகாவலர் என்ற இடத்தில் அண்ணன் பெயர் எழுதப்பட்டிருந்தது. அம்மா அங்கேயே அதைத் திருத்தித் தரச் சம்மதித்தார்.

நியமனத்தோடு குழுவின் கடமை முடிவதில்லை. பாதுகாவலர் ஆறு மாதத்துக்குள் சொத்துப் பட்டியலைக் கொடுக்க வேண்டும், ஒவ்வொரு நிதியாண்டு முடிந்து மூன்று மாதத்துக்குள் கணக்கைக் கொடுக்க வேண்டும், துன்புறுத்தலோ மோசடியோ தெரியவந்தால் நீக்கவும் வழியுண்டு. எனக்குத் தெரிந்த பாதுகாவலர்களில் பலருக்கு இப்படி ஒரு கடமை இருப்பதே தெரியாது. சான்றிதழைக் கையில் கொடுக்கும்போது கணக்குப் படிவம் ஒன்றையும் சேர்த்துக் கொடுத்து, நிரப்பும் முறையையும் சொல்லிக் கொடுத்தால் என்ன குறைந்துவிடும்?

மறதி நோயில் இது இன்னும் கடினமாகிறது. என் தோழியின் தாயார் ஓய்வுபெற்ற ஆசிரியை. காலையில் தெளிவாக இருப்பார், மாலையானால் இறந்துபோன தம்பியைத் தேடுவார். எந்தப் புடவை, யார் வீட்டில் தங்குவது, கோயிலுக்கு எவ்வளவு கொடுப்பது என்பனவற்றை அவர் இன்றும் முடிவு செய்கிறார். வீட்டை விற்பதா என்ற கேள்வியின் எல்லாப் பக்கங்களையும் சேர்த்து மனத்தில் நிறுத்த அவரால் முடிவதில்லை. இங்கிலாந்தின் 2005-ஆம் ஆண்டு மனத்திறன் சட்டம் இப்படிப்பட்டவர்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டது போலத் தோன்றும். ஒருவருக்குத் திறன் உண்டு என்பதே தொடக்க நிலை. முட்டாள்தனமாகத் தோன்றும் முடிவை எடுத்தார் என்பதால் மட்டும் திறனற்றவர் ஆகிவிட மாட்டார். ஒவ்வொரு முடிவுக்கும் அந்தந்த நேரத்துத் திறனைத் தனியாகப் பார்க்க வேண்டும். சிங்கப்பூர் 2008-இல் அதே வழியில் சட்டம் இயற்றியது. அங்கே இருக்கும் நம் உறவினர்கள், திறன் இழந்த பிறகும் நிலைத்து நிற்கும் அதிகாரப் பத்திரத்தை உடல்நலத்தோடு இருக்கும்போதே எழுதிப் பதிவு செய்கிறார்கள். அதே குடும்பத்தில் தஞ்சாவூரில் இருக்கும் அண்ணனுக்கு அந்த வசதி கிடையாது.

தோழியின் குடும்பம் இருக்கும் சட்டத்துக்குள் முடிந்ததைச் செய்தது. தாயார் தெளிவாக இருந்த ஒரு காலை வேளையில், அவரைத் தொடர்ந்து பார்த்துவரும் மருத்துவரின் சான்றோடு, வங்கிக் கணக்கை இருவரில் ஒருவர் இயக்கும் கணக்காக மாற்றினார்கள். தன் வைப்புத்தொகையில் பாதியை, தன் பராமரிப்புக்கென்று ஒரு தனி அறக்கட்டளையில் வைத்தார். எந்த மருத்துவமனை வேண்டாம், எந்த மகன் வீட்டில் எத்தனை நாள், நகையில் எது யாருக்கு என்றெல்லாம் அவர் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதினாள். ஒவ்வொரு பக்கத்திலும் ஆசிரியைக்கே உரிய அழகான கையெழுத்தில் ஒப்பமிட்டார். வீட்டை மட்டும் எதுவும் செய்ய முடியவில்லை. தானமாக எழுதிக் கொடுத்துவிடுங்கள் என்று சிலர் சொன்னபோது தோழி மறுத்துவிட்டாள். நிர்வாகத்துக்கு ஆள் வேண்டும் என்பதற்காக உரிமையையே கைமாற்றுவது நியாயமாகாது என்று நானும் நினைக்கிறேன்.

வேண்டிய திருத்தம் மிகப் பெரியதும் அல்ல. மருத்துவச் சான்றோடு, கணக்குக் காட்டும் கடமையோடு, மாவட்ட நீதிமன்றத்தில் பதிவு செய்யப்பட்ட அதிகாரப் பத்திரங்களுக்கு 201-ஆம் பிரிவிலிருந்து விலக்கு அளிக்கலாம். அப்படி எதையும் எழுதி வைக்காமல் திடீரென விழுந்துவிடுகிறவர்களுக்கு, மாவட்ட நீதிபதியே சில நாட்களுக்குள் சிகிச்சைச் செலவுக்கு மட்டுமான இடைக்கால உத்தரவைத் தந்து, தாசில்தார் விசாரணைக்குப் பிறகு முழு உத்தரவைத் தரும் அதிகாரத்தைப் பெற வேண்டும். அரியமங்கலத்தில் படுக்கையில் கிடப்பவருக்குச் சளிக் குழாய் வாங்க, அவர் மனைவி மதுரைக்குப் போய் ரிட் மனு போட வேண்டிய நிலையில் நம்மை வைத்திருப்பது நாடாளுமன்றம் செய்யாமல் விட்ட ஒரு வேலை. அந்த இரண்டு பத்திகளை எழுதி நிறைவேற்றச் சொல்லி நம் தொகுதி உறுப்பினர்களிடம் கேட்க, நம் வீட்டில் ஒருவர் விழும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.